இரண்டு இன்ஜினுக்கும் எண் 3

ஆடி மாத ஞாயிறு. மண்டபம் ஊரில் நண்பர் வீட்டு மாடி ஷெட்டில் மாதிரி ரயில் ஓட்ட ஒன்பது பேர் கூடினோம். லேஅவுட், அதாவது தண்டவாளமும் ஸ்டேஷனும் வைத்த மாதிரி அமைப்பு, எச்ஓ அளவு, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் பாம்பன் பாலம் மட்டுமே ஏறக்குறைய 24 மீட்டர் வரும், மாடியே போதாது. நாலு மீட்டரில் முடித்துக்கொண்டோம். ஆனால் புதுப் பாலத்தின் தூக்கு ஸ்பானை, அதாவது கப்பலுக்கு வழிவிட மேலே ஏறும் பகுதியை, குறைக்க மனம் வரவில்லை. நிஜத்தில் 72.5 மீட்டர், எங்களிடம் 83 சென்டிமீட்டர். மோட்டார் போட்டால் மட்டம் குலையாமல் மேலே ஏறும்.

பாலத்தில் ஒற்றைப் பாதை. போனில் கேட்டு, எதிர் ஸ்டேஷன் லைன் கிளியர் (பாதை காலி, வரலாம் என்ற அனுமதி) கொடுத்த பிறகே வண்டி எடுக்க வேண்டும் என்று வைத்திருந்தோம். காலையில் கச்சான் காற்றுதான் தொல்லை. மணல் புகுந்து, வண்டியைப் பாதை மாற்றிவிடும் பாயிண்ட் ஒட்டவில்லை, தண்டவாளம் கறுத்து வண்டி வெட்டி வெட்டி ஓடியது. துடைத்தோம், சரியானது.

பதினோரு மணிக்குத்தான் அது நடந்தது. ராமேஸ்வரத்திலிருந்து வந்த பாசஞ்சர் மண்டபத்தில் நிற்கிறது. இன்ஜின் மேற்கே, பெட்டிகள் பாலத்தின் பக்கம். படகு போவதற்காக ஸ்பான் மேலே ஏறியிருக்கிறது. அந்த நேரம் ராமேஸ்வரம் யார்டில் ஒரு தம்பி தன் புது டீசல் இன்ஜினை வைத்துப் பின்னால் எடுத்தார். எங்களுடையது டிசிசி, தண்டவாளம் வழியாகவே இன்ஜினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை; அதில் ஒவ்வொரு இன்ஜினும் தன் எண்ணுக்கு வரும் கட்டளையைத்தான் கேட்கும். புது இன்ஜின் கடையிலிருந்து வரும்போது வழக்கமாக எண் 3. எங்கள் பாசஞ்சர் இன்ஜினையும் 3-லேயே விட்டிருந்தோம். இரண்டும் சேர்ந்து பின்னால் நகர்ந்தன.

ஸ்பான் ஏறினால் இரு பக்கமும் அரை மீட்டருக்கு மின்சாரம் நிற்கும்படி வயரிங் செய்திருந்தோம். இன்ஜின் முன்னால் வரும் வண்டியை அது நிறுத்தும். இங்கே இன்ஜின் கடைசியில், மின்சாரம் உள்ள இடத்திலிருந்து தள்ளுகிறது. நான் "நிறுத்து" என்று கத்துவதற்குள் முதல் பெட்டி நீலம் பூசிய பலகையில் விழுந்தது, இரண்டாவது அதன் மேல்.

வீட்டுப் பெரியவர் தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் 22 இரவு பாசஞ்சர் வண்டியைக் கடல் கொண்டுபோனபோது சிறுவன். அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், "முதல்ல அதை எடுத்து நிமித்தி வைங்கப்பா" என்றார். எடுத்து வைத்த பிறகுதான் வயரிங்கைப் பற்றிப் பேச்சே வந்தது. இப்போது முழு வண்டியும் அடங்கும்படி ஒன்றரை மீட்டருக்கு மின்சாரம் நிற்கும்.

பதில்: அந்தப் புது இன்ஜின் என்னுடையதுதான். யார்டில் நின்றால் மண்டபம் தெரியாது. 3 போட்டதும் என் இன்ஜின் நகர்ந்தது, எல்லாம் சரி என்றே நினைத்தேன் அண்ணே. இப்போதெல்லாம் தனித் தண்டவாளத்தில் வைத்து எண் மாற்றிய பிறகே லேஅவுட்டில் இறக்குகிறேன். உடைந்த கப்ளிங்கை மாற்றிவிட்டேன். அடுத்த ஞாயிறு இரண்டு பெட்டியையும் கொண்டுவருகிறேன், பெரியவரிடம்தான் முதலில் காட்ட வேண்டும்.