அமெரிக்காவில் எம்.எஸ்., பிஎச்.டி. சேர்பவர்களுக்கு: கோர்ஸ் பதிவில் எங்கே சறுக்கும்?

எஃப்-1 விசாவில் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இந்த இழை. வீடு தேடுவது, சிம் கார்டு, வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கோர்ஸ் பதிவைப் பற்றி விளக்கமாகச் சொல்பவர்கள் குறைவு. அதில் செய்யும் தவறுதான் விசாவுக்கே உலை வைக்கும்.

நீங்கள் எத்தனை கிரெடிட் எடுத்திருக்கிறீர்கள் என்பதை மூன்று தரப்பு தனித்தனியாக எண்ணுகிறது. முழுநேரம் படிக்கிறீர்களா என்று குடிவரவுத் துறை பார்க்கிறது. அந்தக் கோர்ஸ் பட்டத்துக்கு உதவுமா என்று உங்கள் டிபார்ட்மென்ட் பார்க்கிறது. எந்தத் தேதிக்குள் எடுத்தீர்கள், விட்டீர்கள் என்று ஃபீஸ் அலுவலகம் பார்க்கிறது. மூன்று பேருக்கும் விதி வேறு, தேதி வேறு. போர்ட்டலில் (பல்கலைக்கழகத்தின் மாணவர் தளம்) கோர்ஸை விடும் டிராப் பட்டன் வேலை செய்கிறது என்றால் ஃபீஸ் அலுவலகத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று மட்டும்தான் பொருள். விசாவுக்கு அது சரியா என்று அந்தப் பட்டனுக்குத் தெரியாது.

முழுநேரம் என்றால் எத்தனை? இளநிலை மாணவர்களுக்கு 12 கிரெடிட் என்று மத்திய விதியிலேயே இருக்கிறது. மேல்படிப்புக்கு அப்படி ஒரே எண் கிடையாது; உங்கள் பல்கலைக்கழகம் எதை முழுநேரம் என்று சான்றளிக்கிறதோ அதுதான் கணக்கு. பல இடங்களில் 9. சில இடங்களில் 8 அல்லது 12. டிஏ, ஆர்ஏ (டீச்சிங், ரிசர்ச் அசிஸ்டென்ட்) வேலை இருந்தால் 6 போதும் என்று வைத்திருக்கும் இடங்களும் உண்டு. ஆகவே வேறு மாநிலத்தில் படிக்கும் நண்பன் சொன்ன எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேர வகுப்பு, அதற்கு வெளியே இரண்டு மணி நேர உழைப்பு என்பது பொதுக் கணக்கு. 9 கிரெடிட்டுக்கு வாரம் 27 மணி நேரம். முதல் செமஸ்டரில் ‘நாலு கோர்ஸாக எடுத்துச் சீக்கிரம் முடித்துவிடலாம்’ என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவும்.

வந்து இறங்கியதும் செய்ய வேண்டியது. ஐ-20-யில் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த படிவம்) போட்டிருக்கும் புரோகிராம் தொடங்கும் தேதிக்கு 30 நாளைக்கு முன்பிருந்துதான் நாட்டுக்குள் நுழையலாம். இறங்கியதும் சிபிபி (எல்லைப் பாதுகாப்புத் துறை) தளத்தில் ஐ-94 எனும் நுழைவுப் பதிவை எடுத்துப் பெயர், பிறந்த தேதி, விசா வகை மூன்றையும் சரிபாருங்கள். பிறகு சர்வதேச மாணவர் அலுவலகத்தின் செக்-இன்: பாஸ்போர்ட், விசா, ஐ-20, ஐ-94, குடியிருக்கும் முகவரி. புரோகிராம் தொடங்கி 30 நாளுக்குள் டிஎஸ்ஓ (அந்த அலுவலகத்தில் விசா விவகாரம் பார்க்கும் அதிகாரி) உங்களை செவிஸில் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசின் கணினிப் பதிவு) பதிவு செய்தாக வேண்டும். அதற்கு நீங்கள் செக்-இன் முடித்திருக்க வேண்டும், முழுநேரக் கோர்ஸ்களும் எடுத்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. பின்னால் வீடு மாறினால் 10 நாளுக்குள் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். தபால் பெட்டி எண் செல்லாது.

இனி ஹோல்டு. பதிவு செய்யப் போனால் போர்ட்டல் சிவப்பில் ஒரு வரியைக் காட்டி நிறுத்திவிடும். புதிதாக வருபவர்களுக்கு அதிகமாக விழுவது தடுப்பூசி ஹோல்டு. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) இரண்டு டோஸ் கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். இங்கு வந்து முதல் டோஸ் போட்டுக்கொண்டால் இரண்டாவதற்குள் பதிவுக்கான கடைசித் தேதியே போய்விடலாம். ஊரிலேயே இரண்டையும் போட்டு, மருந்தின் பெயர், தேதி, டாக்டரின் கையெழுத்து, முத்திரையோடு ஆங்கிலத்தில் வாங்கி வாருங்கள். டெக்ஸஸில் சேர்பவர் 22 வயதுக்குக் கீழ் என்றால் மெனிஞ்சைட்டிஸ் ஊசியும் உண்டு. அதை வகுப்பு தொடங்க 10 நாளைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனையில் இன்னொரு சிக்கல். நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையிலேயே பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்டிருக்கும். அதனால் தோலில் போடும் பரிசோதனை நோயே இல்லாவிட்டாலும் ‘பாசிட்டிவ்’ காட்டலாம்; பிறகு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று இழுக்கும். குவாண்டிஃபெரான் போன்ற ரத்தப் பரிசோதனைக்கு பிசிஜியால் குழப்பம் வராது. அதையே கேளுங்கள். ஊரில் எடுத்ததை ஏற்பார்களா, இங்கேதான் எடுக்க வேண்டுமா என்பதைப் புறப்படும் முன் மாணவர் சுகாதார மையத்துக்கு மெயில் போட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது சான்றிதழ் ஹோல்டு. இது பெரும்பாலும் முதல் செமஸ்டரைத் தொடாது. அடுத்து வரும் ஸ்பிரிங் செமஸ்டருக்குப் பதிவு செய்யும்போது வந்து மறிக்கும். அட்மிஷனுக்கு ஸ்கேன் போதுமாக இருந்திருக்கும். இப்போது எல்லா செமஸ்டர் மதிப்பெண்களும், பட்டம் பெற்றதற்கான சான்றும் அசலாக வேண்டும் என்பார்கள். நம் ஊரில் பட்டமளிப்பு விழா முடிந்து டிகிரி கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதனால் புரொவிஷனல் சர்டிபிகேட், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட் இரண்டையும் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். டிரான்ஸ்கிரிப்ட்டை உறையில் போட்டு, ஒட்டின மடிப்பின் மேல் குறுக்காக முத்திரை குத்தித் தருவார்கள். அந்த முத்திரை பாதி மடிப்பிலும் பாதி உறையிலும் விழுந்திருக்க வேண்டும். விழாவிட்டால் அங்கேயே மறுபடி குத்தித் தரச் சொல்லுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஆசைக்குப் பிரித்துவிட்டால் அது செல்லாத காகிதம். மூன்று நான்கு உறைகளாக வாங்கி வைப்பது நல்லது.

ஃபீஸ் ஹோல்டு வேறு மாதிரி வரும். வெளிநாட்டிலிருந்து வயர் அனுப்பும்போது இடையில் இருக்கும் வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் முழுசாக அனுப்பியும் பல்கலைக்கழகக் கணக்கில் 20, 30 டாலர் குறையும். அந்தச் சின்ன பாக்கிக்கும் ஹோல்டு விழலாம். சில இடங்களில் பணம் வராவிட்டால் எடுத்த கோர்ஸ்களையே கணினி கழற்றிவிடும்; அப்போது உங்கள் கிரெடிட் பூஜ்யம். பணம் போய்ச் சேர்ந்ததா என்று மாணவர் கணக்கில் நீங்களே பாருங்கள், வங்கி அனுப்பின ரசீதை நம்பி இருக்காதீர்கள். ஹெல்த் இன்சூரன்ஸையும் பல இடங்களில் தானாகவே பில்லில் சேர்த்துவிடுவார்கள். வேறு பாலிசி வைத்திருந்தால் வெய்வர் (விலக்கு) கேட்பதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு, அது தாண்டினால் கட்டியே ஆக வேண்டும்.

கோர்ஸ் தேர்ந்தெடுக்கும்போது ஆன்லைன் விதி முக்கியம். ஒரு செமஸ்டரில் முழுநேரக் கணக்குக்கு ஒரே ஒரு ஆன்லைன் வகுப்பு, அதாவது 3 கிரெடிட் வரைதான் சேரும். 9 கிரெடிட் வேண்டுமென்றால் குறைந்தது 6 நேரடி வகுப்பாக இருக்க வேண்டும். ஒரே கோர்ஸுக்கு நாலைந்து செக்‌ஷன் இருக்கும். பெயர் ஒன்றாகவே இருக்கும், செக்‌ஷன் எண் மட்டும் மாறும். அதைக் கிளிக் செய்து திறந்து, கட்டடமும் அறை எண்ணும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இடம் என்ற கட்டத்தில் ‘வெப்’ என்றோ ‘ஆன்லைன்’ என்றோ இருந்தால் அது எந்தக் கணக்கில் வரும் என்று டிஎஸ்ஓவிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். ஆடிட் என்று (கிரெடிட் இல்லாமல் வகுப்பைக் கேட்க மட்டும்) எடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

டிராப் செய்யும் விஷயத்துக்கு வருவோம். மிட்-டெர்ம் சரியில்லை, ஜிபிஏ (சராசரி கிரேடு) 3.0-க்குக் கீழே போனால் புரொபேஷன் (எச்சரிக்கை நிலை), அதனால் கோர்ஸை விட்டுவிடலாம் என்று தோன்றும். முழுநேரத்துக்குக் கீழே போவதாக இருந்தால் டிஎஸ்ஓ முதலில் அனுமதித்து செவிஸில் பதிந்த பிறகுதான் விட வேண்டும். விட்டுவிட்டு மறுநாள் போய்ச் சொன்னால் அவர்களால் காப்பாற்ற முடியாது. அனுமதியின்றிக் குறைத்ததாக உங்கள் ரெக்கார்டை முடிக்க வேண்டியிருக்கும். அனுமதிக்கு விதி ஏற்கும் காரணங்களும் கொஞ்சம்தான். ஆங்கிலத்திலோ, பாடத்துக்காக வாசிக்க வேண்டியவற்றிலோ தொடக்கத்தில் வரும் சிரமம், இங்குள்ள கற்பிக்கும் முறை பழகாதது, தவறான நிலைக் கோர்ஸில் சேர்ந்துவிட்டது ஆகியவை ஒரு வகை. இதை ஒரு பட்ட நிலைக்கு ஒரு முறைதான் தருவார்கள், அப்போதும் முழுநேரத்தில் பாதியாவது படிக்க வேண்டும். உடல்நிலைக் காரணம் என்றால் மருத்துவரோ உரிமம் பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டோ கடிதம் தர வேண்டும். மொத்தம் 12 மாதம் வரை கிடைக்கும், தேவைப்பட்டால் ஒரு கிரெடிட்கூட இல்லாமல் இருக்கலாம். மன அழுத்தத்தில் இருப்பவர்கள் இந்த வழி இருப்பதே தெரியாமல் வகுப்புக்குப் போகாமல் நின்றுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த வாரமே போய்ச் சொல்லுங்கள், இது அவர்கள் தினமும் கையாளும் விஷயம். ‘கிரேடு குறையும்’, ‘பணம் இல்லை’ என்பவை ஏற்கப்படும் காரணங்கள் அல்ல.

இனி, வந்த சில கேள்விகளும் என் பதில்களும்.

அண்ணா, 6 கிரெடிட் கிடைத்துவிட்டது, மூணாவது கோர்ஸில் வெயிட்லிஸ்டில் 2-வது இடம். இது போதுமா?

உங்கள் இடத்தில் முழுநேரம் 9 என்றால் போதாது தம்பி. வெயிட்லிஸ்ட் கிரெடிட் பூஜ்யமாகத்தான் எண்ணப்படும். உங்கள் அட்டவணைப் பக்கத்தில் மொத்தம் 9 என்று தெரிந்தாலும், ஒவ்வொரு கோர்ஸுக்கும் எதிரே உள்ள நிலை ‘ரிஜிஸ்டர்டு’ என்று இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். இடம் இருக்கும் வேறொரு கோர்ஸை இப்போதே எடுத்து வையுங்கள். வெயிட்லிஸ்ட் நகர்ந்தால் ஆட்-டிராப் (கோர்ஸ்களைச் சேர்க்கவும் விடவும் தரும் நாட்கள்) முடிவதற்குள் மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது புதியதைச் சேர்த்த பிறகே பழையதை விட வேண்டும். அந்த நாட்கள் முடிந்த பிறகு கோர்ஸை விட்டால் அது டிராப் ஆகாது, டிரான்ஸ்கிரிப்ட்டில் ‘டபிள்யூ’ விழும், ஃபீஸும் பெரும்பாலும் திரும்பாது. எடுக்கும் கோர்ஸ் மேல்படிப்பு நிலை எண்ணில்தானா என்று அட்வைசரிடம் உறுதி செய்யுங்கள். இளநிலைக் கோர்ஸ் பல டிபார்ட்மென்ட்டுகளில் பட்டத்துக்குச் சேராது.

மகன் போர்ட்டல் பார்க்கவே மாட்டேன் என்கிறான். நாங்கள் பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டால் பதிலே சொல்வதில்லை.

ஐயா, அவர்கள் சொல்லக் கூடாது. ஃபெர்பா என்று 1974-இல் வந்த சட்டம் இருக்கிறது. கல்லூரிப் படிப்பில் சேர்ந்தவரின் கல்விப் பதிவுகளை அவர் எழுத்தில் அனுமதி தராமல் பெற்றோருக்குப் பொதுவாகத் தர மாட்டார்கள், ஃபீஸ் கட்டுவது நீங்களாகவே இருந்தாலும். மகன் போர்ட்டலில் போய் உங்கள் பெயரில் அனுமதி கொடுக்கலாம். ஃபீஸ் விவரம் மட்டும் பார்க்கப் பல இடங்களில் தனிப் பயனர் கணக்கு உருவாக்கித் தரும் வசதியும் உண்டு.

மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக சர்நேம். பிரச்சினை ஆகுமா?

நம்மவர்கள் பாதிப் பேருக்கு இது உண்டு. பல்கலைக்கழகத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். ஐ-20, ஐ-94, வேலைக்கான தாள்கள் எல்லாம் அதை வைத்துத்தான் பொருத்தப்படும். ஆனால் பெயர் வேறு மாதிரி இருக்கும் டிரான்ஸ்கிரிப்ட் வரும்போது, கணினியால் பொருத்த முடியாமல் யாருக்கும் சேராத குவியலில் கிடக்கும். அனுப்பும்போதே மாணவர் எண்ணையும், இனிஷியல் எந்தப் பெயரைக் குறிக்கிறது என்ற ஒரு வரி விளக்கத்தையும் சேர்த்து மெயில் போடுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு விசாவில் முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகும். அது பெயர் அல்ல, ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம். போர்ட்டலில் உங்கள் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, ஐ-20-யோடு ஒத்துப்போகாவிட்டால் முதல் வாரத்திலேயே ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

கடைசி செமஸ்டர், ஒரே ஒரு கோர்ஸ்தான் பாக்கி. 9 எடுத்தே ஆக வேண்டுமா அண்ணா?

வேண்டாம். பட்டத்துக்குத் தேவையானதை மட்டும் எடுக்கலாம். ஆனால் அதற்கும் செமஸ்டர் தொடக்கத்திலேயே டிஎஸ்ஓவிடம் அனுமதி வாங்க வேண்டும், அந்த ஒரே கோர்ஸ் முழு ஆன்லைனாக இருக்கக் கூடாது. அனுமதி கேட்கும்போது ஐ-20 முடியும் தேதியை அந்த செமஸ்டரோடு சுருக்குவார்கள். ஓபிடி (படிப்பு முடிந்தபின் அத்துறையில் வேலை செய்ய அனுமதி) விண்ணப்பத்தை அந்தத் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்பு வரை அனுப்பலாம் என்பதால், தேதி மாறியதும் நாள்காட்டியில் மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கோர்ஸில் தேறாமல் போனால் ஐ-20-ஐ நீட்டிக்க வேண்டி வரும். நீட்டிப்பைத் தேதி முடிவதற்குள்தான் கேட்க முடியும். அதனால் கிரேடு சந்தேகம் என்றால் கடைசித் தேர்வு வரை காத்திராமல் முன்கூட்டியே பேசுங்கள்.

பிஎச்.டி.க்கு கோர்ஸ் எல்லாம் முடிந்துவிட்டது, ஆராய்ச்சி மட்டும்தான். பதிவு செய்ய வேண்டுமா?

கட்டாயம். கோர்ஸ் முடிந்தவர்கள் டிஸர்டேஷன் (ஆய்வேடு) கிரெடிட் எடுக்க வேண்டும். கேண்டிடசி (ஆய்வேடு மட்டும் பாக்கி என்ற நிலை) வாங்கியபின் ஒன்றிரண்டு கிரெடிட்டையே முழுநேரம் என்று ஏற்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அது டிஎஸ்ஓவின் பதிவிலும் அப்படியே இருக்க வேண்டும். தொடர்ந்து பதிவு செய்திருக்க வேண்டும் என்ற விதியைத் தவறவிட்டால் மறு-அட்மிஷன் கேட்க வேண்டியிருக்கும். கோடையில் பொதுவாகப் பதிவு தேவையில்லை, ஆனால் முதல் செமஸ்டரே கோடையில் தொடங்கினால் அப்போதும் முழுநேரம். கோடையில் டிஃபென்ஸ் (ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு) வைத்தால் அந்தப் பருவத்துக்குக் குறைந்தது ஒரு கிரெடிட் கேட்கும் இடங்கள் அதிகம். டிஃபென்ஸ் தேதி குறிக்கும் முன் கிராஜுவேட் ஸ்கூலில் அதைக் கேட்டுவிடுங்கள். ஆர்ஏ டியூஷன் வெய்வர் அந்தக் கோடைக் கிரெடிட்டுக்குச் செல்லுமா என்பதையும் அதே மெயிலில் சேர்த்துக் கேளுங்கள். செல்லாவிட்டால் கையிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும்.