மேட்ரிக்ஸ் மூன்றாம் பாகம்: இத்தனை வருஷம் கழித்துப் பார்த்தால் நல்ல படமா?

கொருக்குப்பேட்டை கேட்:
'தி மேட்ரிக்ஸ் ரெவல்யூஷன்ஸ்' 2003 நவம்பரில் வந்த படம். போன வாரம்தான் பார்த்தேன். முதல் இரண்டு பாகங்களையும் பர்மா பஜார் சிடியில் பார்த்ததோடு சரி. மூன்றாவது மொக்கை என்று ஏரியா முழுக்கச் சொன்னதால் தொடவே இல்லை. இப்போது அடித்துச் சொல்கிறேன், மூன்றில் மனசில் தங்குவது இதுதான். மேட்ரிக்ஸ் என்பது இயந்திரங்கள் மனிதர்களை அடைத்து வைத்திருக்கிற கம்ப்யூட்டர் போலி உலகம். அதிலிருந்து வெளியே வந்த நாயகன் நியோ இயந்திரங்களின் ஊருக்கே போய், மேட்ரிக்ஸுக்குள் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டே போகிற புரோகிராமான ஸ்மித் உங்கள் கையையும் மீறிவிட்டான், அவனை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போரை நிறுத்துங்கள் என்று பேரம் பேசுகிறான். ஒரு சண்டைப் படம் சமாதானத்தில் முடிவது எவ்வளவு பெரிய விஷயம்!

பழைய வண்ணை:
தம்பி, நான் வந்த வாரமே தியேட்டரில் பார்த்தவன். 'ரீலோடட்' அதே வருஷம் மே மாதம் வந்தது. அதன் கடைசியில் நியோ நிஜ உலகத்திலேயே கையை நீட்டி இயந்திரங்களை நிறுத்துகிறான். எப்படி முடிந்தது? ஆறு மாசம் டீக்கடையில் இதே பேச்சுதான். அந்த நிஜ உலகமும் இன்னொரு மேட்ரிக்ஸ் என்று ஒரு கோஷ்டி சத்தியமே செய்தது. கடைசியில், வருங்காலம் சொல்லும் ஆரக்கிள் வந்து, உன் சக்தி இந்த உலகத்தைத் தாண்டியும் போகும் என்கிற மாதிரி ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். இது பதிலா?

கொருக்குப்பேட்டை கேட்:
அண்ணே, நீங்கள் ஆறு மாசம் மனசுக்குள் ஒரு படம் ஓட்டினீர்கள். அது வரவில்லை என்று வந்த படத்தைத் திட்டலாமா?

பழைய வண்ணை:
ஓட்ட வைத்தது யார்? கதையைப் பாதியில் நிறுத்தி, முடிவு அடுத்த பாகத்தில் என்று திரையில் போட்டது அவர்கள்தானே. அந்தக் கேள்வியோடு காத்திருந்தவனுக்குத்தான் படம் கடன்பட்டிருக்கிறது. அப்புறம் நடுவில், மனிதர்களின் கடைசி ஊரான ஸயானில் நடக்கும் சண்டை. நியோ இல்லை, அவன் காதலி டிரினிட்டி இல்லை. முகம் தெரியாதவர்கள் சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஹார்பர் லோடு:
அண்ணே, அங்கேதான் நான் மாறுபடுகிறேன். அந்த முகம் தெரியாதவர்களுக்காகவே படத்தைத் திரும்பப் பார்ப்பேன். சண்டை நடப்பது கப்பல்கள் வந்து நிற்கும் ஒரு துறையில். ஸயான் படையின் கேப்டன் மிஃபுனேவின் இயந்திர உடுப்புக்குத் தோட்டா தீர்ந்ததும் ஒரு சின்னப் பையன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறான். போகிற வழியில் பெட்டி கவிழ்கிறது. எழுந்து திரும்பவும் தள்ளுகிறான். மிஃபுனே சாகும்போது கேட்டைத் திற என்கிறார். பையன் அந்த உடுப்பிலேயே ஏறி, கதவின் சங்கிலியைச் சுட்டு அறுக்கிறான். ஸயான் பக்கத்து கேப்டன் நியோபியின் பறக்கும் கப்பல் உள்ளே வந்து விழுகிறது. சரக்கு இறக்குகிற இடத்தில் வேலை பார்ப்பவனுக்குத் தெரியும், பளு தூக்குகிறவன் நின்றால் எல்லாமே நின்றுவிடும். அதைக் காட்டிய படம் இது.

ராயபுரம் செல்வி:
லோடு அண்ணன் சொல்வது சரி. ஆனால் தாமதமாகப் பார்ப்பதில் ஒரு நஷ்டம் இருக்கிறது, அதை யாரும் பேசவில்லை. கடைசியில் நியோவும் ஸ்மித்தும் மோதுகிற அந்த மழைச் சண்டை பெரிய திரைக்காக எடுத்தது. பின்னால் கோரஸ் பாடுவது பிருகதாரண்யக உபநிடத வரிகள். போனில் பார்த்தால் மழையும் கேட்காது, பாட்டும் கேட்காது. நம் பக்கம் அகஸ்தியா தியேட்டரே 2020இல் மூடிவிட்டார்கள். இனி அதை எங்கே போய்க் கேட்பது? இன்னொன்று, ஆரக்கிளாக நடித்த குளோரியா ஃபாஸ்டர் 2001இலேயே இறந்துவிட்டார். மூன்றாம் பாகத்தில் மேரி ஆலிஸ் நடித்தார். ஆள் மாறியதற்குக் கதைக்குள்ளேயே காரணம் வைத்த விதம் எனக்குப் பிடிக்கும். டிரினிட்டி சாகும் காட்சி மட்டும் இழுவை. அதற்குச் சற்று முன்பு கப்பல் மேகத்தைக் கிழித்து மேலே போய், அவள் முதல் தடவையாகச் சூரியனைப் பார்க்கிறாளே, அதோடு விட்டிருக்கலாம்.

பழைய வண்ணை:
சூரியன் அழகுதான் செல்விம்மா, மறுக்கவில்லை. கிளைமாக்ஸுக்கு வாருங்கள். நியோ தோற்கிறான், ஸ்மித் அவனையும் தன்னைப் போலவே மாற்றிவிடுகிறான். அப்புறம் திடீரென்று எல்லா ஸ்மித்தும் வெடிக்கிறார்கள். ஏன்? அதுவும் சும்மா விடப்பட்டதுதானே?

ராயபுரம் செல்வி:
சும்மா விடவில்லை அண்ணே. நியோவின் உடம்பு அந்த நேரம் இயந்திர ஊரில், அவர்களுடைய ஒயரில் மாட்டியிருக்கிறது. ஸ்மித் அவனைத் தொட்டு மாற்றினதும், இயந்திரங்களுக்கு ஸ்மித் வரைக்கும் ஒரு வழி கிடைத்துவிடுகிறது. ஒயர் வழியாக உள்ளே பாய்கிறார்கள். அங்கே நியோவின் உடம்பு துள்ளுகிறது, இங்கே வெளிச்சம் கிளம்புகிறது. வசனமே இல்லாமல் காட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டு நிமிஷத்தை மட்டும் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.