பூப்புல்வெளி மானியம்: ஒன்பது இலக்க எண் கேட்கிறது, அவசரம்

பாகான் டத்தோ தம்பி:
வணக்கம். நிலத்தில் காட்டுப்பூ வளர்த்தால் அரசு பணம் தருகிறதல்லவா, அதற்கு விண்ணப்பிக்கிறேன். ஒன்பது இலக்க எண் கேட்கிறது. நிலப்பட்டாவிலுள்ள கிராண் எண்ணைப் போட்டேன், ஏற்கவில்லை. செம்பனை (எண்ணெய்ப்பனை) லைசென்ஸ் எண்ணும் செல்லவில்லை. எதைப் போடவேண்டும்?

மில் ரோடு:
எந்தத் தளம்? எத்தனை ஏக்கர்? இப்போது என்ன நட்டிருக்கிறது?

பூச்செடி அக்கா:
எண்ணுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பீர்கள் தம்பி. கைப்பேசியில் இதெல்லாம் சரிப்படாது, கணினியில் போடுங்கள்.

கங்காணி பேரன்:
இடைவெளியும் இல்லை, கைப்பேசியும் இல்லை. படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் இங்கே யாருக்கும் கிடையாது. ஒன்பது இலக்க எண், இங்கிலாந்தில் பண்ணை நடத்துபவர்களுக்கு அந்நாட்டு ஊரகக் கொடுப்பனவு முகமை தருவது. தம்பி எந்த நாட்டில் இருக்கிறார்?

பாகான் டத்தோ தம்பி:
மலேசியாதான், பேராக்கில் பாகான் டத்தோ. 4 ஏக்கர் செம்பனை, அப்பா நட்டது. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 646 பவுண்டு என்று மைத்துனர் அனுப்பினார். வரிசைகளுக்கு நடுவே பூ விடலாமே?

கங்காணி பேரன்:
அந்தத் தொகை அங்குள்ள பழைய வைக்கோல் புல்வெளிகளைப் பேணுவதற்கு. 1930களுக்குப் பிறகு அவற்றில் 97 விழுக்காடு அழிந்துவிட்டது. உரம் போடாமல், பூக்கள் விதை உதிர்த்தபின் கோடையில் அறுத்து, அறுத்த புல்லையும் வெளியே அள்ளவேண்டும். மண் மெலிந்தால்தான் பூ நிற்கும். புல்லின் வேரை உறிஞ்சி அதை அடக்கும் எல்லோ ரேட்டில் என்ற செடியையும் விதைப்பார்கள். உரம் போடாமல் செம்பனையில் குலை பார்ப்பீர்களா?

பூச்செடி அக்கா:
பணத்தை விடுங்கள், பூவை விடாதீர்கள். வரப்போரம் எட்டு மணிப் பூவை நடுங்கள், மலாய்க்காரர்கள் புங்கா புக்குல் லப்பான் என்பார்களே, அதுதான். அதன் தேனுக்கு வரும் சிறு குளவிகள் செம்பனை ஓலையைத் தின்னும் உலாட் புங்குஸ் என்ற கூட்டுப்புழுவின் மேல் முட்டையிட்டு அதைக் கொன்றுவிடும். செம்பனை வாரியத்தில் சிறுதோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லும் துனாஸ் அலுவலரைக் கேளுங்கள்.

கங்காணி பேரன்:
பூ நட்டால் காய் கூடும் என்பது கட்டுக்கதை. செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது கேமரூனிலிருந்து கொண்டுவந்து 1981-இல் இங்கே விட்ட வண்டு.

பூச்செடி அக்கா:
காயைப் பற்றி நான் எங்கே பேசினேன்? குளவியைச் சொன்னேன். பதில் எழுதுமுன் படிக்கும் பழக்கம் இங்கே சிலருக்குக் கிடையாது.

மில் ரோடு:
பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்தால் குளவியும் போச்சு, பூவும் போச்சு.

கங்காணி பேரன்:
பராகுவாட் களைக்கொல்லி இங்கே 2020-இலேயே தடையாகிவிட்டது.

மில் ரோடு:
தடை காகிதத்தில் இருக்கிறது ஐயா, மருந்து டின்னோ கடைக்குப் பின்னால் இருக்கிறது. மற்றக் களைக்கொல்லி மட்டும் பூவைப் பார்த்து ஒதுங்கிப் போகுமா?

கங்காணி பேரன்:
ஆதாரம் இருந்தால் புகார் கொடுங்கள். இங்கே எழுதிப் பயனில்லை.

பாகான் டத்தோ தம்பி:
அலுவலரிடம் பேசினேன். மறுநடவைப் பற்றித்தான் விவரமாகச் சொன்னார். எட்டு மணிப் பூக் கொம்பு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வந்து வெட்டிக்கொள்கிறேன்.

பூச்செடி அக்கா:
எந்தக் கம்பம் (கிராமம்)? முதலில் அதைச் சொல்லுங்கள்.