மறு: ஸ்கிம், ஸ்கேன் இரண்டுக்கும் தமிழில் என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம். மையக்கருத்தைப் பிடிக்க மேலோட்டமாகப் படித்துக்கொண்டு போவது ஸ்கிம் ரீடிங், வேண்டிய ஒரு தகவலை மட்டும் தேடிக் கண்ணை ஓட்டுவது ஸ்கேன் ரீடிங். இந்த இரண்டு வாசிப்புத் திறன்களுக்கும் தமிழ்ச் சொல் கேட்டிருந்தார்கள், அதற்கு என் பதில் இது.

ஸ்கிம் ரீடிங்குக்கு 'நுனிப்புல் மேய்தல்' என்றே வைத்துவிடலாம் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது வசவு. நன்னூல் மாணாக்கரைத் தரம் பிரிக்கும் இடத்தைப் பாருங்கள். ஒரு செடியில் ஒரு வாய், அடுத்த செடியில் ஒரு வாய் என்று தாவும் ஆடு கடை மாணாக்கருக்குத்தான் உவமை. வயிறு நிறைய மேய்ந்து வந்து அசைபோடும் பசுவுக்கு அன்னத்தோடு முதல் வரிசை. ஸ்கிம்மிங்கோ வகுப்பில் சொல்லித்தரும் திறன். வசவைப் பெயராக வைத்தால் பிள்ளைகள் அதை விரும்பிப் பழகுவார்களா?

ஸ்கிம் என்பது நுரையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. கொதிப்பதன் மேல் மிதக்கும் நுரையையோ பாலின் மேல் திரளும் கொழுப்பையோ வழித்தெடுப்பது அதன் முதற்பொருள். நம்மிடம் இதற்கென்றே வார்த்ததுபோல ஒரு சொல் இருக்கிறது. பாலின் மேல் படிவதும் ஏடு, ஓலையும் ஏடு, புத்தகத் தாளும் ஏடு. காய்ச்சி ஆறவைத்த பாலைக் காலையில் திறந்தால் ஏடு சுருக்கம் விழுந்து கிடக்கும். கரண்டி நுனியால் ஓரத்தை நெம்பினால் முழுசாக வந்துவிடும், பால் கலங்காது. தலைப்பு, ஒவ்வொரு பத்தியின் முதல் வரி, முடிவு என்று பார்த்துக்கொண்டே போவதும் அப்படித்தானே? ஆகவே 'ஏடெடுத்தல்', பெயராக 'ஏடெடுப்பு'. எங்கள் பக்கம் ஆடை என்றுதான் சொல்வோம் என்பவர்களுக்கும் தயிரேடு தெரிந்திருக்கும்.

ஸ்கேன் கொஞ்சம் சிக்கல். ஏறுதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் முதலில் செய்யுளைச் சீர் பிரித்து அளப்பதற்குத்தான் வழங்கியது. தேமா, புளிமா என்று நாம் அலகிடுகிறோமே, அதே வேலை. பிறகு கூர்ந்து ஆராய்தல் என்று விரிந்தது. இன்று மேலோட்டமாகக் கண்ணை ஓட்டுவதற்கும் அதே சொல். பெரூஸ் (peruse) என்ற ஆங்கிலச் சொல்லும் இப்படித்தான், ஊன்றிப் படித்தல், மேலோட்டமாகப் பார்த்தல் என்று ஒரே தலைச்சொல்லின் கீழ் எதிரெதிர்ப் பொருள்கள். அதனால் அகராதியை மூடிவைத்துவிட்டு, படிப்பவர் கண் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 'வருடல்' ஸ்கேனர் கருவி செய்யும் வேலைக்கு வழங்கிவருகிறது, இருக்கட்டும். 'அலகிடல்' யாப்புக்கே இருக்கட்டும்.

தேர்வு முடிவு ஒட்டிய பலகைக்கு முன் நின்றது நினைவிருக்கிறதா? விரல் எண்களின் மேல் இறங்கிக்கொண்டே போகும். மற்ற எண் எதுவும் மனத்தில் பதியாது. நம் எண் வந்ததும் விரல் நின்றுவிடும். இதை நான் 'துழாவல்' என்பேன். பைக்குள் கைவிட்டுச் சாவியைத் தேடுவதும் இதே செயல்தான். 'தேடிப் படித்தல்' போதாதா என்று சகோதரி ஒருவர் கேட்டிருந்தார். நல்ல புத்தகத்தைத் தேடிப்போய்ப் படிப்பவருக்கும் அது பொருந்திவிடுகிறதே அம்மா.

வினாத்தாளில் வைத்துப் பார்த்தேன். "பத்தியை ஏடெடுத்து மையக்கருத்தை எழுதுக." "பத்தியைத் துழாவிப் பாலம் கட்டிய ஆண்டை எழுதுக." இரண்டாவது உடனே ஒட்டுகிறது. முதலாவதில் 'ஏடெடுத்துப் படித்து' என்றால்தான் காதுக்கு இயல்பாக இருக்கிறது. வெறுமனே 'ஏடெடுத்து' என்றால் சுவடியைக் கையில் எடுப்பதாகக் கொள்ளவும் இடமுண்டு. வகுப்பெடுப்பவர்கள் ஒரு வாரம் பிள்ளைகளிடம் இந்த இரண்டையும் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.