கல்யாணம் எப்போது? உங்களை யாராவது கேட்டார்களா?

காவிரிக்கரை:
எனக்கு 33 வயசு. மயிலாடுதுறைப் பக்கம். எட்டில் செவ்வாய். இந்த மூன்றையும் சொன்னால் போதும், மீதிக் கதையை எங்கள் ஊரில் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

24 வயதில் ஜாதகத்தை வெளியே எடுத்தார்கள். ஆடியில் பேச்சே கிடையாது, மார்கழியில் கிடையாது, நடுவில் குருப்பெயர்ச்சி வரட்டும் என்று காத்திருந்த வருஷமும் உண்டு. தை பிறந்தால் வழி பிறக்குமாம். எங்கள் வீட்டில் ஒன்பது தை பிறந்துவிட்டது. திருமணஞ்சேரி பக்கத்திலேயே இருக்கிறது. கல்யாணசுந்தரருக்குச் சாத்தி வாங்கி வந்த மாலை, நார் மட்டும் மிஞ்சி பூஜை அறை ஆணியில் தொங்குகிறது. கல்யாணம் ஆனபிறகு ஜோடியாகப் போய் அங்கே சேர்க்க வேண்டிய மாலை, அதனால் தூக்கிப் போடவும் முடியாது. ஒட்டடை அடிக்கும்போது அம்மா அதை மட்டும் விட்டுச் சுற்றி அடிப்பார்.

போன வைகாசியில் ஒரு வரன். அவருக்கும் செவ்வாய், பொருந்திவிட்டது. கேசரி, பஜ்ஜி முடிந்து, தனியாகப் பேசட்டும் என்று கொல்லைப்பக்கம் அனுப்பினார்கள். தனியாக என்றால் பத்து நிமிஷம், கண்ணுக்கு எட்டும் தூரம், துணி எடுக்கிற சாக்கில் சித்தி இரண்டு தடவை வந்து போவார். பெண் பார்க்க வந்தவரோ துவைக்கிற கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். சம்பளம் கேட்பார், வேலையை விடுவீர்களா என்று கேட்பார் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். "உங்களுக்கு இப்ப கல்யாணம் பண்ணிக்கணும்னு இருக்காங்க?" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷத்தில் என்ன கலர் சேலை கட்டுகிறாய் என்பது வரை கேட்டிருக்கிறார்கள், இதைக் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டதில்லை என்பதுதான் இன்னும் உறுத்தல். "தெரியலைங்க, உங்களுக்கு?" என்றேன். "இல்லைங்க. அப்பாவுக்கு பைபாஸ் பண்ணினதுலேருந்து வீட்ல அவசரப்படறாங்க."

சித்தி மூன்றாவது தடவை வருவதற்குள் பேசி முடித்துவிட்டோம். மறுநாள் அவர்கள் வீட்டிலிருந்து தகவல் வந்தது: தசா சந்தி வருகிறது, இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தசை மாறுகிறது என்று வேறு ஜோசியர் சொல்கிறாராம், வேண்டாமாம். அத்தனை வருஷம் எனக்குக் குறுக்கே நின்ற ஜாதகம் அன்றைக்கு மட்டும் என் பக்கம் நின்றது. அம்மா அழுதது கஷ்டமாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

எப்போது என்பதைத் தாங்களாக முடிவு செய்தவர்கள் இருந்தால் எழுதுங்களேன்.

நூல்கண்டு:
எனக்கு எப்போது என்று தெரிந்திருந்தது, என் முறைதான் வராமல் இருந்தது. திருப்பூரில் கட்டிங் மாஸ்டர், இரண்டு தங்கச்சி. சின்னவள் கல்யாணக் கடன் அடைய எனக்கு 37 ஆகிவிட்டது. தரகர் டீக்கடையில் பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு, "34-னு போட்டுக்கலாங்க தம்பி, தலையில முடி இருக்குதுங்களே" என்றார். வேண்டாம் என்றேன். நாலு வரன் வயசாலேயே போச்சு. ஐந்தாவது வீட்டில் அந்தப் பொண்ணு மெதுவாகக் கேட்டது, "இது நெசமான வயசுங்களா?" ஆமாங்க என்றேன். "எனக்கு 35. வீட்ல 31-னு போட்டிருக்காங்க." இப்போது பையனுக்கு மூணு வயசு.

அறிவிப்புப் பலகை:
நானும் அவளும் வேறு வேறு மதம். அதனால் 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுத் திருமணம். நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டு பேர் விவரமும் பதிவு அலுவலகப் பலகையில் ஊர் பார்க்கத் தொங்கும். ஆட்சேபம் வரவில்லை என்றால் மூன்று சாட்சியோடு போய்க் கையெழுத்துப் போடலாம். நோட்டீஸ் கொடுத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் அது செல்லாது, மறுபடி முதலிலிருந்து.

எல்லோரும் அந்த 30 நாளைத் திட்டுவார்கள். வீட்டுக்குத் தெரிந்து அடிதடியானவர்களுக்கு அது நரகம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்களுக்கு நடந்தது வேறு. நாள் எண்ண எண்ண, வீட்டை எதிர்க்கிற வேகத்தில்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோமோ என்று இரண்டு பேருக்குமே தோன்றியது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 30 நாள் முடிந்தது, 40, 60... சாட்சிக்கு வருவதாகச் சொன்ன நண்பன் லீவு போடவா என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனான். மூன்று மாதமும் போய்விட்டது.

ஒன்றரை வருஷம் கழித்து அவள்தான் போன் செய்தாள். "ஆதார் ஜெராக்ஸ் எடுத்துட்டு வா." இந்தத் தடவை முப்பத்தொன்றாம் நாளே போய்விட்டோம்.

ஓய்வு டீச்சர்:
காவிரிக்கரை மகளே, வேண்டாம் என்று சொன்னவர்களும் இருக்கிறோம், வரலாமா? வயது 61. வைராக்கியம், காதல் தோல்வி எதுவும் கிடையாது. 28 வயதில் பெண் பார்க்க வந்தவரின் அம்மா, பள்ளிக்கூடம் போய்வந்த பிறகு சமைப்பாயா, சமைத்துவிட்டுப் போவாயா என்று கேட்டார். இரண்டுமே வேண்டாம் என்று அந்த இடத்திலேயே தோன்றிவிட்டது. அவ்வளவுதான். பிறகு வந்த வரன்களிடமும் அதே பதில். அப்பா ஆறு மாதம் என்னிடம் பேசவில்லை.

கஷ்டம் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. வங்கிப் படிவத்தில் நாமினி, உறவுமுறை என்று இரண்டு கட்டம் வரும். முதல் கட்டத்தில் பேனா நிற்கும். தம்பி மகன் பெயரைப் போட்டேன். அவனுக்கு இன்னும் தெரியாது.

தனிக்கட்டை 29:
டீச்சரம்மா, தனியாக இருப்பது பயமாக இல்லையா?

ஓய்வு டீச்சர்:
காய்ச்சல் வந்தால் பயம்தான் தம்பி. எதிர் வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு என் வாசலில் கோலம் இல்லையென்றால் அந்தப் பெண் கதவைத் திறந்துவிடும். மழை நாளில் இரண்டு தடவை அநியாயத்துக்குத் திறந்திருக்கிறது.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. டீச்சர் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நல்ல சம்பளம் போலிருக்கு" என்றார்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வரன் விசாரித்திருக்கிறார்களாம். நேற்று ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா, "குடுக்கட்டுமா?" என்றார். இப்படிக் கேட்பது இதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறேன்.