பலெர்மோவில் மூன்று நாள்: உள்ளூர் வழிகாட்டியை அமர்த்த வேண்டுமா?

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து)

வணக்கம். பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வரும் அக்டோபரில் ரோமில் வேலை பார்க்கும் மகளிடம் செல்கிறோம். அப்போது நானும் மனைவியும் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் மூன்று நாள் தங்க எண்ணியிருக்கிறோம். பண்டைய கடல் வணிகரான ஃபினீசியர் நிறுவி, ரோமரும் கிழக்கு ரோமப் பேரரசினரான பைசாந்தியரும் ஆண்டு, 831இல் அரபுகளிடமும் 1072இல் வட பிரான்சிலிருந்து வந்த நார்மன்களிடமும் கைமாறிய நகரம் என்பதால், கட்டடங்களின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்ப மனமில்லை. இதற்கு முன் வேறோர் ஊரில் நாற்பது பேர் கொண்ட குழுவோடு சென்றபோது, வழிகாட்டி தூக்கிப் பிடித்த குடையைத் தேடுவதிலேயே பாதிப் பொழுது போய்விட்டது. இம்முறை மூன்று நாளுக்கும் ஒருவரைத் தனியாக அமர்த்துவதா, சில இடங்களுக்கு மட்டும் போதுமா? மனைவிக்கு முழங்கால் வலி உண்டு என்பதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

மறுமொழி 1 (சென்னையிலிருந்து)

ஐயா, மூன்று நாளுக்கும் ஒருவரையே அமர்த்த வேண்டாம். ஆனால் நார்மன் காலக் கட்டடங்களைப் பார்க்கும் முதல் நாளை மட்டும் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரிடம் முழுமையாக ஒப்படைத்துவிடுங்கள். இத்தாலியில் இது சட்டப்படி முறைப்படுத்தப்பட்ட தொழில். தேர்வெழுதி உரிமம் பெற்றவர் அடையாள அட்டை வைத்திருப்பார். பணம் பேசும் முன் அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நார்மன் அரண்மனைக்குள் இருக்கும் பலத்தீனா சிற்றாலயத்தில் நான் கண்டதுதான் காரணம். 1130இல் சிசிலியின் அரசராக முடிசூடிய நார்மன் இரண்டாம் ரோஜர் கட்டிய ஆலயம் அது. உள்ளே நுழைந்ததும் பொன்னிற மொசைக்குகளிலிருந்து, அதாவது சிறு துண்டுகளைப் பதித்து ஆக்கிய ஓவியங்களிலிருந்து, கண்ணை எடுக்க முடியாது. எங்களை அழைத்துச் சென்ற அம்மையார் அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், பையிலிருந்து சிறிய தொலைநோக்கி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, மேலே மரக் கூரையைப் பார்க்கச் சொன்னார். தேன்கூடு போல அடுக்கடுக்காகச் செதுக்கிய அந்தக் கூரையின் குழிவுகளில் சதுரங்கம் ஆடும் இருவர், நரம்புக் கருவி மீட்டுபவர், கையில் கிண்ணம் ஏந்தி அமர்ந்திருப்பவர் என ஓர் அரசவையே வண்ணத்தில் விரிந்திருந்தது. இடையிடையே கூஃபி என்னும் பழைய அரபு எழுத்து வடிவில் அரபு வாழ்த்துச் சொற்கள். கிறித்தவ அரசர் ஒருவரின் ஆலயத்துக்கு முஸ்லிம் கலைஞர்கள் தீட்டிய கூரை என்பதை நான் நூல்களில் படித்திருந்தும், அந்த உயரத்தில் எதைத் தேட வேண்டும் என்று காட்ட ஒருவர் இல்லாவிட்டால், பழுப்பு நிற வேலைப்பாடு என்று எண்ணிக் கடந்து போயிருப்பேன்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் மர்தொரானா ஆலயம். அதில் கிறிஸ்துவே ரோஜருக்கு முடிசூட்டும் மொசைக் ஒன்று இருக்கிறது. அரசரின் தலைக்கு அருகே கிரேக்க எழுத்தில் 'ரோகெரியோஸ் ரெக்ஸ்' என்று எழுதியிருக்கிறது. 'ரெக்ஸ்' இலத்தீன் சொல், எழுத்தோ கிரேக்கம், உடையோ பைசாந்தியப் பேரரசருடையது. வடசொல்லைத் தமிழெழுத்தில் பொறித்த கல்வெட்டுகளைப் படித்துப் பழகிய உங்களுக்கு அந்த ஓரிடத்தில் கால் மணி நேரமாவது நிற்கத் தோன்றும்.

ஒரு குறிப்பு: சிசிலியின் சட்டமன்றம் அந்த அரண்மனையில்தான் கூடுகிறது. கூட்டம் நடக்கும் நாள்களில் அரச அறைகளைப் பார்வையாளருக்குத் திறப்பதில்லை. ஞாயிறு காலையில் சிற்றாலயத்தில் வழிபாடு நடக்கும். போகும் நாளை அதற்கேற்பத் தேர்ந்துகொள்ளுங்கள். பல்லாரோ, காப்போ சந்தைகளுக்கு வழிகாட்டி தேவையே இல்லை, நீங்களே நடக்கலாம்.

மறுமொழி 2 (பாரிஸிலிருந்து)

சந்தை பற்றி மேலே உள்ளவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. காய்கறியும் மீனும் பார்ப்பதற்கு யாரும் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அங்குள்ள கடைகள் பல்லாண்டுகளாக மாஃபியாவுக்குக் கட்டிவந்த 'பீட்ஸோ' என்னும் மாமூலைப் பற்றியும், அதைத் தர மறுத்துப் பேசிய லீபெரோ கிராஸி என்ற தொழிலதிபர் 1991இல் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றியும், மறு ஆண்டே நீதிபதிகள் ஃபால்கோனேயும் போர்ஸெல்லினோவும் குண்டுவெடிப்பில் இறந்ததைப் பற்றியும் அந்நகரத்தவர் வாயால் கேட்காமல் பலெர்மோவைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. 2004இல் மாமூலுக்கு எதிராகச் சுவரொட்டி ஒட்டித் தொடங்கிய 'அத்தியோபீட்ஸோ' இயக்கத்தின் வழிவந்தவர்கள், மாமூல் தர மறுத்த கடைகள் வழியாக நடத்தும் நடைப்பயணம் உண்டு. அரை நாள் அதற்கு ஒதுக்குங்கள்.

தரைக்கு அடியில் உள்ள கனாத்துகள், அதாவது சரிவாக வெட்டி நிலத்தடி நீரை ஊருக்குக் கொண்டுவந்த சுரங்கக் கால்வாய்கள், குகை ஆய்வாளர் துணையோடு மட்டுமே பார்க்கக்கூடியவை. தலைக்கவசம் அணிந்து நீரில் நடக்க வேண்டும் என்பதால் அம்மாவுக்கு அது வேண்டாம்.

மறுமொழி 3 (பலெர்மோவிலிருந்து)

வணக்கம் ஐயா. உள்நாட்டுப் போரின்போது யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் பல இந்நகரில் இருக்கின்றன.

மற்றவர்கள் சொல்லாத ஓரிடத்தைச் சொல்கிறேன். அரபு மொழியில் 'அல் அஸீஸ்' என்பதிலிருந்து பெயர் பெற்ற ஸீஸா மாளிகையில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. கிரிஸாந்துஸ் என்ற பாதிரியார் தம் தாய் அன்னாவுக்காக 1149இல் அமைத்தது. தாயைப் பற்றிய செய்தி இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகியவற்றோடு, நான்காவதாக எபிரேய எழுத்தில் எழுதிய அரபிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கணக்கு அந்தந்தச் சமூகத்தின் முறைப்படி தரப்பட்டிருக்கிறது. இலங்கையின் காலி நகரில் கிடைத்த, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் பொறித்த கல்வெட்டைக் கொழும்பு அருங்காட்சியகத்தில் பார்த்தவள் என்பதால், இந்தக் கல்லின் முன் முதன்முதல் நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. நான்கு பகுதிகளையும் படித்துப் பொருள் சொல்லக்கூடிய வழிகாட்டியை முன்கூட்டியே கேட்டு அமர்த்துங்கள்; எல்லோராலும் இயலாது.

ஞாயிறு காலை பெல்லெக்ரீனோ மலைக்கு வாருங்கள். 1624இல் கொள்ளைநோய் பரவியபோது அம்மலைக் குகையில் கிடைத்த, ரொசாலியா என்னும் துறவியுடையவை என்று கருதிய எலும்புகளை ஊருக்குள் ஊர்வலமாகக் கொண்டுவந்ததும் நோய் தணிந்ததாக மக்கள் நம்பினார்கள்; அன்றுமுதல் புனித ரொசாலியா இந்நகரின் காவல் தெய்வம். எங்களில் பெரும்பாலானோர் சைவர்கள். ஆயினும் மலைமேல் குடிகொண்ட தெய்வத்தை நாடி ஏறிச் செல்வது எங்களுக்குப் புதிதல்லவே. நேர்த்தி வைத்து வெறுங்காலோடு ஏறுபவர்களும் உண்டு.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் நாள் அரண்மனையும் மர்தொரானாவும், இரண்டாம் நாள் காலை சந்தை நடைப்பயணம், மாலை ஸீஸா என்று வைத்துக்கொள்கிறேன். சகோதரி, மலைக்கு வர மனைவிக்கு மிகுந்த விருப்பம். அவரால் ஏற இயலுமா?

மறுமொழி 3 (பலெர்மோவிலிருந்து)

கல் பாவிய பழைய பாதையில் ஏற ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அக்காவுக்கு அது வேண்டாம். நகரிலிருந்து பேருந்து ஆலய வாசல்வரை வருகிறது. நீங்கள் எங்களோடு நடந்து வாருங்கள், அவர் என் மாமியாரோடு பேருந்தில் வரட்டும். குகைக்குள் குளிர் இருக்கும். மேற்கூரையிலிருந்து ஓயாமல் சொட்டும் நீரைத் தகர வாய்க்கால்கள் வழியாகச் சேர்க்கிறார்கள். தலையில் ஓரிரு துளி விழும். ஒரு சால்வை எடுத்து வரச் சொல்லுங்கள்.