ம்யூட்டுக்குத் தமிழ் என்ன? (அவசரம், நாளை வகுப்பு)

மாம்பலம்:
வணக்கம். நாளை காலை பத்து மணிக்கு, பணி ஓய்வு பெற்றவர்களுக்குக் கணினி வகுப்பு. கையில் கொடுக்க ஒரு பக்கத் தாள்: 'மடிக்கணினியில் சத்தம் வரவில்லையா?' ஸ்பீக்கர் படத்தின்மேல் பெருக்கல் குறி இருக்கிறதா, சத்தம் புளூடூத் ஹெட்செட்டுக்கோ எச்டிஎம்ஐ வழியே டிவிக்கோ போய்விட்டதா என்றெல்லாம் எழுதியாயிற்று. டிரைவருக்கு (ஒலிக்கருவியை இயக்கும் மென்பொருள்) 'இயக்கி' இருக்கிறது. ம்யூட், அன்ம்யூட் இரண்டில்தான் நிற்கிறேன். ஜெராக்ஸ் கடை எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள்.

பெரம்பூர்:
முதலில் தலைப்பைத் திருத்துங்கள். சத்தம் வடமொழிச் சப்தம், 'ஒலி' என்றிருக்கட்டும். 'கணிணி' என்றும் அடித்துவிடாதீர்கள், இரண்டாவது றன்னகரம். ம்யூட்டுக்கு 'ஒலியவி'. அவித்தல் என்றால் அடக்குதல். 'பொறிவாயில் ஐந்தவித்தான்' தெரியாதவர் யார்? குறுந்தொகை ஆறாம் பாட்டிலும் நள்ளிரவு: 'சொல்லவிந்து இனிது அடங்கினரே மாக்கள்'. ஊரே ம்யூட்டில் கிடக்கிறது, தலைவி மட்டும் தூங்கவில்லை. அவி, அமை, அமைதி எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு, வகரம் மகரமாகும். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

அடையாறு:
ஐயா, எங்கள் வீட்டில் அவிப்பது இட்லி. 'ஒலியவி' என்றால் தட்டில் எண்ணெய் தடவணுமா என்பார்கள். 2020 ஊரடங்கில் ரெண்டாங்கிளாஸ் பிள்ளைகூட 'மிஸ், ம்யூட்ல இருக்கீங்க' என்றது. அதையே போடுங்கள். 'குளம்பி' என்று கேட்டு யாராவது காபி குடித்தோமா? இன்னொன்று, 'ஊமையாக்கு' என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். பேச முடியாத ஒருவரைச் சுட்டும் சொல்லைப் பொத்தானில் ஒட்டக் கூடாது.

தாம்பரம்:
'ஒலியடக்கு' ஏற்கெனவே புழங்குகிறது. சிக்கல் வேறு இடத்தில். அடக்கு பிறவினை, அடங்கு தன்வினை. பெரம்பூர் ஐயா காட்டிய பாட்டில் சொல் தானாக அவிந்தது, மக்கள் தாமாக அடங்கினார்கள். யாரும் பொத்தானை அழுத்தவில்லை. மடிக்கணினியிலும் இப்படி இரண்டு வகை. லினக்ஸ் இயங்குதளத்தில் ஆல்சாமிக்சர் என்ற ஒலியளவு நிரலைத் திறந்தால், அடக்கி வைத்த ஒலிப் பட்டையின் அடியில் 'எம்எம்' தெரியும். எம் விசையைத் தட்டினால் '00' ஆகும். அது நாம் அடக்கியது. அங்கேயே 'ஆட்டோ-ம்யூட் மோடு' என்று ஒன்று உண்டு; ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கர் தானாக அடங்கும். போன மாதம் அக்காவின் மடிக்கணினியில் ஹெட்போன் துளைக்குள் தூசி. ஏதோ செருகியிருக்கிறது என்று நினைத்து அது ஸ்பீக்கரை நிறுத்திவிட்டது. இரண்டு நாள் இயக்கியை அழித்து அழித்து நிறுவினேன். ரிச்சி தெருக் கடைக்காரர் சின்ன பிரஷை உள்ளே விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றினார், பாட்டு கிளம்பிவிட்டது. 'ஒலி அடக்கப்பட்டது' என்று திரையில் வந்தால் 'நான் எங்கடா அடக்கினேன்?' என்று சண்டைக்கு வருவாள். ஆகவே கட்டளைக்கு 'ஒலியடக்கு', நிலைக்கு 'ஒலி அடங்கியுள்ளது'.

பெரம்பூர்:
அதற்குத்தான் 'அவி'. சொல் அவிந்தது தன்வினை, ஐந்தவித்தான் பிறவினை. ஒரே வேர் இரண்டுக்கும் நிற்கிறது பாருங்கள்.

அடையாறு:
இட்லி.

மாம்பலம்:
அன்ம்யூட்டுக்கு யாரும் வாய் திறக்கவில்லையே. 'ஒலியடக்கம் நீக்கு' சரியா?

அடையாறு:
வருகிறவர்கள் எல்லாம் எழுபதைத் தாண்டியவர்கள். 'அடக்கம்' என்று படித்ததும் 'எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?' என்பார்கள். அதை வேறு 'நீக்கு' என்கிறீர்கள், தோண்டி எடுக்கிற மாதிரி! தமிழ்தான் வேண்டுமென்றால் 'ஒலி திற' போடுங்கள், போதும்.

தாம்பரம்:
'ஒலி திற'வுக்கு என் ஓட்டும்.

மாம்பலம்:
மணி ஏழே முக்கால். 'ஒலியடக்கு', 'ஒலி திற', பக்கத்திலேயே அடைப்புக்குள் ம்யூட், அன்ம்யூட். தூசி விஷயத்தையும் கடைசி வரியாகச் சேர்த்துவிட்டேன். தலைப்பில் 'சத்தம்' அப்படியே இருக்கிறது, பெரம்பூர் ஐயா மன்னிக்கவும். கடைக்குக் கிளம்புகிறேன்.

பெரம்பூர்:
போகட்டும். ஆனால் திறப்பதற்கு எதிர் மூடுவதுதானே, அடக்குவது இல்லையே? அப்படியானால் 'ஒலி மூடு' என்றல்லவா வந்திருக்க வேண்டும்? அவி–அமை மடல் நாளை வரும்.